கிஃப்ட் மெம்பர்ஷிப் கேட்பதும் கொடுப்பதும்: ஆன்லைன் குழுக்களுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழில் கேமிங் பேசும் ஒரு டிஸ்கார்ட் சர்வரில், அதாவது டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் உள்ள ஒரு குழுவில், நான் மாடரேட்டர். குழுவின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தக் குழுவின் யூடியூப் நேரலைகளிலும் சாட்டைப் பார்த்துக்கொள்வேன். "அண்ணா, ஒரு மெம்பர்ஷிப் கிஃப்ட் பண்ணுங்க" என்ற வரி வராத நாளே கிடையாது. காசு கட்டி வாங்கும் சந்தாவை இன்னொருவருக்காக நம் காசில் வாங்கித் தருவதுதான் இந்த கிஃப்ட். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு எங்கே கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று தெரியாது. கொடுக்க நினைப்பவர்கள் நிலையும் அப்படித்தான். பணம் இருக்கும், மனசும் இருக்கும், ஆனால் கார்டு எடுக்காது. எடுத்தாலும் லிங்க்கை வேறு யாராவது அமுக்கிவிடுவார்கள். நானும் இந்த வழியில் திண்டாடித்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்கள் அந்தத் திண்டாட்டத்தைத் தவிர்க்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

யூடியூப், டிஸ்கார்ட், கேம் நேரலைத் தளமான ட்விட்ச் மூன்றையும்தான் முக்கியமாகச் சொல்லியிருக்கிறேன். நம் ஆட்கள் அதிகம் புழங்குவது அங்கேதான்.

1. எந்தத் தளத்தில் பரிசு எப்படிப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரியாமல் கேட்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

யூடியூப் நேரலையில் ஒருவர் சாட்டுக்குக் கீழே உள்ள டாலர் குறியைத் தொட்டு, மெம்பர்ஷிப் கிஃப்டிங்கைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோ ஐந்தோ பத்தோ வாங்குகிறார். அவை பார்வையாளர்களில் யார் யாருக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது யூடியூப்தான். வாங்கியவர் கையில் அது இல்லை. ஆகவே "எனக்கு மட்டும் ஏன் வரலை" என்று அவரிடம் கோபித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. பரிசு உங்களுக்கு வர வேண்டுமென்றால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பரிசுகளை ஏற்க அனுமதி தரும் ஸ்விட்ச்சை நீங்களே போட்டு வைக்க வேண்டும். சேனல் பக்கத்திலோ நேரலை சாட்டிலோ அது இருக்கும். அதைப் போடாமல் இரண்டு மணி நேரம் சாட்டில் கெஞ்சிக்கொண்டிருப்பவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். ஸ்விட்ச் போட்டவருக்குப் பரிசு விழுந்தால் அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி வரும். வேண்டாம் என்றால் போடாமல் விட்டுவிடலாம். ஏற்கெனவே அந்தச் சேனலில் காசு கட்டி மெம்பராக இருப்பவருக்குப் பரிசு விழாது.

ட்விட்சில் இரண்டு வழி. பெயர் சொல்லி ஒருவருக்கே கொடுக்கலாம், அல்லது சாட்டில் இருப்பவர்களுக்கு மொத்தமாக அள்ளி விடலாம். கொடுப்பவர் தன் பெயரைக் காட்டாமலும் கொடுக்கலாம். அமேசான் பிரைமோடு வரும் இலவச சப் (சேனல் சந்தா) இருக்கிறதே, அதைத் தன் கணக்குக்குத்தான் பயன்படுத்த முடியும், பிறருக்குப் பரிசாகத் தர முடியாது. "உங்ககிட்ட பிரைம் இருக்குல்ல, அதை எனக்குக் குடுங்க" என்று கேட்பது இதனால்தான் வீண்.

டிஸ்கார்டின் கட்டணச் சந்தாவுக்குப் பெயர் நைட்ரோ. பரிசாகத் தரும்போது அது லிங்க்காக வருகிறது. லிங்க்கை யார் முதலில் அழுத்தி ஏற்றுக்கொள்கிறாரோ அவருக்குத்தான் அது. பெயர் எழுதியிருக்காது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பின்னால் சொல்லப்போகும் பாதிச் சிக்கல் வராது.

லிசெஸ் என்ற செஸ் தளத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கதை வேறு. அங்கே எல்லா வசதியும் எல்லோருக்கும் இலவசம். நன்கொடை தருபவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம் வரும், அவ்வளவுதான். அந்தச் சிறகை இன்னொருவருக்குப் பரிசாகவும் தரலாம். அங்கே போய் "மெம்பர்ஷிப் இருந்தா நல்லா விளையாடுவேன்" என்று யாராவது கேட்டால், தளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொண்டது மாதிரி.

2. விலையும் காலமும்

கேட்பவரும் கொடுப்பவரும் இரண்டு பேருமே இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எவ்வளவு கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பது கொடுப்பவருக்குச் சங்கடம்.

டிஸ்கார்டில் அமெரிக்க விலைப்படி, வசதி குறைந்த நைட்ரோ பேசிக் மாதம் 2.99 டாலர், முழு நைட்ரோ மாதம் 9.99 டாலர், வருடத்துக்கு 99.99 டாலர். இந்தியாவில் ரூபாய் விலை வேறாக இருக்கும், வாங்கும் திரையில் தெரிவதுதான் கணக்கு. ட்விட்சில் முதல் நிலை சப் அமெரிக்காவில் நெடுநாள் 4.99 டாலராக இருந்தது, 2024-இல் 5.99 ஆனது. யூடியூப்பில் விலையைச் சேனல்காரர் வைக்கிறார், அதனால் சேனலுக்குச் சேனல் மாறும்.

மேலே சொன்ன விலை ஒன்று, உங்கள் வங்கிக் கணக்கில் கழிவது இன்னொன்று. டாலரில் பில் போடும் தளத்தில் இந்தியக் கார்டைத் தேய்த்தால் வெளிநாட்டு நாணய மாற்றுக்கு வங்கி தனியாக எடுக்கும். பல கார்டுகளில் அது 2 முதல் 3.5 சதவீதம் வரை. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 9.99 டாலருக்கு 3.5 சதவீதம் என்றால் 35 சென்ட், ஜிஎஸ்டி 6 சென்ட். ஒருவருக்குக் கொடுக்கும்போது தெரியாது, பத்துப் பேருக்கு வாங்கினால் தெரியும்.

ஐஃபோன் ஆப்புக்குள் இருந்து வாங்கினால் பல சமயம் விலை கூடுதலாக இருக்கும், ஆப் ஸ்டோரின் பங்கும் அதில் ஏறியிருக்கும். பிரவுசரில் தளத்தைத் திறந்து அதே பரிசின் விலையை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். கொடுப்பவரின் பணம் முழுவதும் சேனல்காரருக்குப் போய்விடுவதும் இல்லை. யூடியூப் மெம்பர்ஷிப்பில் வரியும் ஆப் ஸ்டோர் கட்டணமும் போக மிச்சத்தில் 70 சதவீதம்தான் அவருக்கு.

காலத்தைப் பொறுத்தவரை யூடியூப் பரிசு ஒரு மாதம். முடிந்ததும் தானாக நின்றுவிடும். பெற்றவர் கார்டு விவரம் எதுவும் தர வேண்டியதில்லை, அவர் கணக்கிலிருந்து பணமும் போகாது. ட்விட்ச் பரிசும் தானாகப் புதுப்பிக்காது, பெயர் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் 3, 6, 12 மாதம் என்றும் வாங்கலாம். "கிஃப்ட் வாங்கினா அடுத்த மாசம் என் கணக்குல பிடிச்சுக்குவாங்களா?" என்று பயந்து பரிசை ஏற்காமல் விட்டவர்கள் உண்டு. பிடிக்க மாட்டார்கள்.

3. கேட்பதற்கு முன்: விதியைப் படியுங்கள், தேவையைப் பாருங்கள்

ஒவ்வொரு சர்வரிலும் விதிகளுக்கென்று ஒரு சேனல் இருக்கும். டிஸ்கார்டில் சேனல் என்பது குழுவுக்குள் இருக்கும் தனி அறை மாதிரி. அதில் "பெக்கிங்" (கெஞ்சிக் கேட்பது) என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள். பல சர்வர்களில் பரிசு கேட்பதே தடை, கேட்டால் முதலில் எச்சரிக்கை, அடுத்தது மியூட், அதாவது செய்தி போட முடியாமல் தடுப்பது. சில இடங்களில் அதற்கென்றே தனிச் சேனல் வைத்திருப்பார்கள், அங்கே தாராளமாகக் கேட்கலாம். ஒன்றுமே எழுதியில்லை என்றால் மாடரேட்டரிடம் "இங்கே கேட்கலாமா?" என்று ஒரு வரி கேளுங்கள். அப்படிக் கேட்பவர் மேல் யாருக்கும் கோபம் வராது. நேரலையில் விதி சேனல் இல்லை, சாட்டின் மேலே பின் செய்திருக்கும் செய்தியைப் பாருங்கள்.

குழுவில் சேர்ந்த அன்றைக்கே கேட்காதீர்கள். இதற்கு நாள் கணக்கு எதுவும் கிடையாது. உங்கள் பெயரைப் பார்த்ததும் "ஆமா, இவரைத் தெரியும்" என்று நாலு பேருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், உண்மையிலேயே தேவையா? சிலர் நைட்ரோ கேட்பதற்குக் காரணம் பெரிய ஃபைல் ஏற்ற முடியவில்லை என்பது. இலவசக் கணக்கில் 10 எம்பி, பேசிக்கில் 50 எம்பி, முழு நைட்ரோவில் 500 எம்பி. 12 எம்பி வீடியோவுக்காக 9.99 டாலர் கேட்பதை விட வீடியோவைச் சுருக்கலாம், கூகுள் டிரைவில் போட்டு லிங்க் தரலாம். அப்படியும் வேண்டுமென்றால் பேசிக் போதும். பேட்ஜும் எமோஜியும் பிடித்திருக்கிறது என்பதும் நேர்மையான காரணம்தான், அதை அப்படியே சொல்லலாம். இல்லாத கஷ்டத்தைப் புனைவதுதான் தப்பு. அது எப்படியோ தெரிந்துவிடும், தெரிந்தபின் உண்மையான கஷ்டத்தோடு வருபவரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

4. கேட்கும் செய்தியை எழுதுவது

என் பார்வையில் இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி. நல்ல கோரிக்கை எது என்று கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன்: கொடுக்க முடியாதவர், முடியாது என்று வாய்விட்டுச் சொல்லாமலே கடந்து போக இடம் தரும் கோரிக்கை. அதனால்தான் தனிமனிதரை டேக் செய்து கேட்கக் கூடாது என்கிறோம். டேக் செய்துவிட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் எல்லோர் முன்னாலும்.

எங்கள் சர்வரில் அடிக்கடி வரும் வகை இது:

"ப்ரோ நைட்ரோ ப்ளீஸ். எல்லாருக்கும் குடுக்கறீங்க, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன். ஒரே ஒரு மாசம்தானே அண்ணா."

இதில் எந்தத் தகவலும் இல்லை. பேசிக்கா முழுசா என்று இல்லை, எந்த நாடு என்று இல்லை. கொடுக்க நினைப்பவரும் திரும்பிக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. "ஒரே ஒரு மாசம்தானே" என்பது வேறு இருக்கிறது. அடுத்தவர் காசை அது சின்னது, இது பெரியது என்று அளப்பது நம் வேலை இல்லை.

இதே கோரிக்கையை இப்படி எழுதலாம்:

"வணக்கம், இந்தச் சேனல்ல கேட்கலாம்னு விதியில பார்த்தேன். ஓவியப் பக்கத்துல நான் வரையறதைப் போட்டுட்டு வரேன். டைம்லாப்ஸ் வீடியோ எவ்வளவு சுருக்கினாலும் 30 எம்பி வருது. நைட்ரோ பேசிக் ஒரு மாசம் யாராவது தர முடிஞ்சா உதவியா இருக்கும். நாடு இந்தியா, இப்போ எந்த சப்ஸ்கிரிப்ஷனும் இல்லை. முடியலைன்னா பரவாயில்லை, பதில் போட வேண்டாம். ஞாயித்துக்கிழமை இந்தச் செய்தியை நானே எடுத்துடறேன்."

என்ன வேண்டும், எத்தனை மாதம், எதற்கு, எந்த நாடு, இப்போது என்ன இருக்கிறது, எப்போது வரை. ஆறு விவரமும் வந்துவிட்டன. நாட்டை ஏன் எழுத வேண்டும் என்றால், ஒரு நாட்டில் வாங்கிய பரிசு இன்னொரு நாட்டில் எடுக்காமல் போகலாம். கூகுள் பிளே கோடு வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். தமிழ்க் குழுக்களில் சென்னைக்காரர், கொழும்புக்காரர், கோலாலம்பூர்க்காரர், துபாயில் வேலை பார்ப்பவர் எல்லோரும் ஒரே சாட்டில் இருப்பதால் இது அடிக்கடி வரும் சிக்கல்.

செய்தியில் எழுதக் கூடாதவையும் உண்டு. மின்னஞ்சல், ஃபோன் நம்பர், யுபிஐ ஐடி எதுவும் பொதுவில் வேண்டாம். பரிசு தர உங்கள் யூசர்நேம் போதும். பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டால் அவர் பரிசு தர வந்தவரே இல்லை. "பணமா அனுப்புங்க, நானே வாங்கிக்கறேன்" என்றும் கேட்காதீர்கள், உடனே சந்தேகம் வரும்.

5. கேட்ட பிறகு

ஒருமுறை போட்டதை மறுபடி மேலே தூக்கிவிடாதீர்கள். பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். யாராவது "மாசக் கடைசில பாக்கறேன்" என்றால் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு முதல் தேதி காலையில் போய் நிற்காதீர்கள். மாசக் கடைசியில் அவருக்கு என்னென்ன செலவு வந்ததோ.

இன்னொருவருக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் வாழ்த்திவிட்டு நகருங்கள். அந்த இடத்தில் போடும் ஒரு கிண்டல் மெசேஜ், கொடுத்தவரை அடுத்த முறை யோசிக்க வைத்துவிடும். எங்கள் சர்வரில் நன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இப்படித்தான் நிறுத்தினார்.

6. கொடுப்பவருக்கு: பணம் போகும் வழியை முதலில் சரிபாருங்கள்

கொடுக்கிறேன் என்று அறிவித்துவிட்டு அதன்பின் கார்டைத் தேடாதீர்கள். நேரலையில் ஐம்பது பேர் காத்திருக்க, கார்டு நிராகரிக்கப்பட்டு, வங்கி ஆப்பின் பாஸ்வேர்டு மறந்து போய்... வேண்டாம்.

இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி அதை நாம்தான் கேட்டு இயக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போய் ஆன்லைன், வெளிநாடு என்ற இரண்டையும் போட்டு, ஒரு உச்சவரம்பும் வைத்துவிடுங்கள். வாங்கி முடித்ததும் வெளிநாட்டை மறுபடி அணைக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ரூபே கார்டு பல வெளிநாட்டுத் தளங்களில் எடுக்காது, விசா அல்லது மாஸ்டர்கார்டு பாதுகாப்பு. யுபிஐ காட்டும் இடத்தில் யுபிஐ-யே சுலபம்.

பரிசு என்பது ஒருமுறைப் பணம். திரையில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஆட்டோபே ஒப்புதல் கேட்டால் நின்று பாருங்கள். கிஃப்ட் பொத்தானுக்குப் பதில் உங்களுக்கே சந்தா போடும் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். டிஸ்கார்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதால் இது சகஜம்.

வாங்கியதும் ரசீது மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எண், தேதி, தொகை மூன்றும் அதில் இருக்கும். பரிசு போய்ச் சேரவில்லை என்றால் தளத்தின் உதவிக் குழு முதலில் கேட்பது அதைத்தான். அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடாதீர்கள், உங்கள் உண்மைப் பெயரும் கார்டின் கடைசி 4 எண்களும் அதில் இருக்கலாம்.

7. கொடுப்பவருக்கு: எப்படிக் கொடுப்பது

முதலில் கேளுங்கள். "உங்களுக்கு ஒரு மாச நைட்ரோ தரலாமா?" என்று ஒரு வரி. சிலரிடம் ஏற்கெனவே இருக்கும். சிலருக்கு அந்நியரிடமிருந்து பரிசு வாங்கப் பிடிக்காது. பெண்களுக்குத் தனிச் செய்தியில் திடீரென வரும் பரிசு பெரும்பாலும் சந்தோஷத்தைத் தருவதில்லை, "இதுக்கு அப்புறம் என்ன கேக்கப் போறான்" என்ற யோசனையைத்தான் தருகிறது. அவர்கள் பொதுவில் கேட்டிருந்தால் பொதுவிலேயே "நான் தரலாமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று விசாரிக்காதீர்கள்.

நைட்ரோ லிங்க்கைப் பொதுச் சேனலில் ஒட்டாதீர்கள். முதலில் அழுத்தியவருக்குத்தான் அது என்று முன்பே சொன்னேன். ஒருவருக்காக வாங்கி, பொதுவில் போட்டு, அவர் ஃபோனை எடுப்பதற்குள் வேறு யாரோ எடுத்துக்கொண்டால் திரும்ப வாங்க வழியில்லை. லிங்க்கைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வாங்கிய பரிசு அமைப்புகளில் கிஃப்ட் இன்வென்டரிக்குள் இருக்கும், அங்கிருந்து லிங்க் எடுக்கலாம். பெறுபவரிடம் அதே சந்தா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பரிசு வீணாகாது, அவர் கணக்கில் வரவாக ஏறிக்கொள்ளும்.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியவில்லையா? எங்கள் குழுவில் மூத்தவர்கள் செய்வது, ஆளுக்குத் தருவதை விட்டுச் சர்வருக்கு பூஸ்ட் போடுவது, அதாவது குழு முழுவதற்கும் வசதி கூடும்படி காசு கட்டுவது. ஒரு பூஸ்ட் அமெரிக்க விலையில் மாதம் 4.99 டாலர், முழு நைட்ரோ வைத்திருந்தால் அதோடு 2 பூஸ்ட் வருகிறது. 2 பூஸ்டில் சர்வர் முதல் நிலை, 7-இல் இரண்டாவது, 14-இல் மூன்றாவது. ஒலித் தரமும் எமோஜி இடமும் எல்லோருக்கும் கூடும், பொறாமைக்கு இடமில்லை. என்னைக் கேட்டால் புதிதாகக் கொடுக்கத் தொடங்குபவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் ட்விட்சில் அதற்கு வசதியே இருக்கிறது. யூடியூப் சாட்டில் கொடுப்பவர் பெயர் வரும். டிஸ்கார்டில் மாடரேட்டர் மூலமாக லிங்க்கைக் கொடுத்து அனுப்பச் சொல்லலாம், நம்பகமான மாடரேட்டராக இருக்க வேண்டும்.

இது மொய் இல்லை என்பதைக் கொடுப்பவரும் பெறுபவரும் நினைவில் வைக்க வேண்டும். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதி வைத்து அடுத்த விசேஷத்தில் திருப்பிச் செய்யும் கணக்கு இங்கே கிடையாது. "போன மாசம் உனக்கு நைட்ரோ குடுத்தேன்ல, என் சைடு பேசு" என்று வாக்குவாதத்தில் இழுத்தவரை நாங்கள் சர்வரை விட்டே அனுப்பியிருக்கிறோம். பரிசுக்குப் பதிலாக ஓட்டு, லைக், மாடரேட்டர் பதவி எதுவும் கேட்கக் கூடாது. பதவி கேட்டுப் பரிசு மழை பொழிபவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள், சேனல்காரர்களுக்குச் சொல்கிறேன்.

பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குவதாக இருந்தால், பணம் ஒருவர் யுபிஐ-க்குப் போகும் முன் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: யார் வாங்குவது, எந்தத் தேதிக்குள், மீதம் வந்தால் என்ன செய்வது. வரவு செலவை எல்லோரும் பார்க்கும் ஒரு ஷீட்டில் போடுங்கள். தொகை சின்னதுதானே என்று விட்ட இடங்களில்தான் மீதிப் பணத்துக்காக நட்பு முறிந்திருக்கிறது.

8. ஏமாற்று வேலைகள்

"இலவச நைட்ரோ 3 மாதம்" என்று வரும் லிங்க்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே பொய். தெரிந்த நண்பரின் கணக்கிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் கணக்கு ஏற்கெனவே திருடு போயிருக்கும். உண்மையான பரிசு டிஸ்கார்டுக்குள்ளேயே ஒரு பெட்டியாக, ஏற்கும் பொத்தானோடு தெரியும். வெளியே ஒரு தளத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி லாகின் செய்யச் சொன்னால் அங்கேயே மூடிவிடுங்கள். தளத்தின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, பார்த்தால் வித்தியாசமே தெரியாத முகவரி வைப்பதுதான் அவர்கள் வழக்கம். ஃபோனில் அந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

கியூஆர் கோடு இன்னும் மோசம். "பரிசை வாங்க டிஸ்கார்ட் ஆப்பில் ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். அது கணினியில் லாகின் செய்வதற்கான கோடு. நீங்கள் ஸ்கேன் செய்து சரி என்று அழுத்தினால் அவர்கள் கணினியில் உங்கள் கணக்கு திறந்துவிடும். பாஸ்வேர்டு தேவையே இல்லை. பரிசு வாங்க எந்தக் கோடும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.

பாதி விலைக்கு நைட்ரோ விற்பவர்களிடம் வாங்கிப் பரிசளிக்காதீர்கள். திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருந்தால் கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் பணம் திரும்பிவிடும், பரிசும் பறிபோகும். அதை ஏற்றுக்கொண்டவர் கணக்குக்கும் சிக்கல் வரலாம். இதே காரணத்தால், கொடுத்த பிறகு மனம் மாறி வங்கியில் "நான் செய்த பரிவர்த்தனை இல்லை" என்று புகார் போடும் வேலையும் வேண்டாம். உங்கள் கணக்கே முடங்கலாம்.

சிக்கிக்கொண்டால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள், மாடரேட்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் உங்கள் பெயரில் அடுத்த லிங்க் குழுவுக்குள் போய்விடும். பணமும் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. இது இந்தியாவில் இருப்பவர்களுக்கு.

9. சிறுவர்கள் இருக்கும் குழுக்களில்

கேமிங் குழுக்களில் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம். பெரியவர் ஒருவர் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ தனிச் செய்தியில் தொடர்ந்து பரிசு கொடுத்துக்கொண்டிருந்தால், நல்லெண்ணமாகவே இருந்தாலும், மாடரேட்டர் தலையிட வேண்டிய விஷயம் அது. பரிசு தருவதை வைத்துப் பிள்ளைகளோடு நெருங்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் விதி எளிது: பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பரிசு என்றால் பொதுவில் நடக்கும் குலுக்கல் வழியாக மட்டும்.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பரிசு கொடுத்தவர் "இதை வீட்ல சொல்லாத" என்றால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். அப்பா கார்டை எடுத்து ஸ்ட்ரீமருக்கு இருபது மெம்பர்ஷிப் அள்ளி விடும் ஆசை வந்தால் அதையும் முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுவது உத்தமம், மாதக் கடைசியில் பில் எப்படியும் சொல்லிவிடும்.

10. கிடைத்த பிறகு

கிடைத்த அன்றே நன்றி சொல்லுங்கள், கொடுத்தவர் பெயர் வெளியே வரலாமா என்று கேட்டுவிட்டு. பெயர் வேண்டாம் என்றால் "குழுவில் ஒருவர் தந்தார், நன்றி" போதும். நேரலையில் விழுந்த யூடியூப் பரிசுக்குச் சாட்டில் ஒரு வரி. பத்து வரிப் புகழ்மாலை எல்லாம் வேண்டாம், அது மற்றவர்களுக்கு "எனக்கும் குடுங்க" என்று கேட்கத் தோன்றவைக்கும்.

எதற்குக் கேட்டீர்களோ அதற்குப் பயன்படுத்துங்கள். டைம்லாப்ஸ் போடக் கேட்டவர் ஒரு டைம்லாப்ஸாவது போட்டால் கொடுத்தவருக்கு அதுவே போதும். லிங்க்கை இன்னொருவருக்கு விற்பது கேவலமான வேலை.

முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். டிஸ்கார்டில் சந்தா அமைப்புக்குள் தேதி தெரியும், யூடியூப்பில் மெம்பர்ஷிப் பக்கத்தில் தெரியும். மெம்பர்களுக்கு மட்டுமான வீடியோக்கள் ஏதாவது பார்க்க நினைத்திருந்தால் அதற்குள் பார்த்துவிடுங்கள். முடிந்ததும் பேட்ஜ் போய்விடும், நைட்ரோ எமோஜி வேலை செய்யாது. ஏற்கெனவே போட்ட செய்திகளும் ஃபைல்களும் அப்படியே இருக்கும். முடிந்த மறுநாளே அதே ஆளிடம் "அண்ணா, முடிஞ்சிருச்சு" என்று சொல்லாதீர்கள், அவருக்கு அது கேட்காமல் கேட்டது மாதிரிதான் இருக்கும். பிடித்திருந்தால், முடிந்தால், அடுத்த மாதத்தை நீங்களே வாங்குங்கள். முடியாவிட்டால் இலவசக் கணக்கிலேயே இருங்கள், சாட்டில் பேச மெம்பர்ஷிப் கேட்காத குழுக்கள்தான் அதிகம்.